செவி சாய்க்கும் புலி

கோன் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரின் மேற்குக் கோடியில் ஒரு சின்னக் கோயில் உண்டு. உள்ளே சாமியாக உட்கார்ந்திருப்பது கல்லில் வடித்த ஒரு புலி. புலி என்று எழுதிவிட்டேன். காகிதத்துக்குக் காது கிடையாது என்கிற தைரியம்தான். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் அதற்கு முப்பதாம் அய்யா என்று பெயர். ஏன் முப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு கதையும் இன்னொன்றோடு ஒட்டாது. சுருக்கமாகச் சொன்னால் அய்யா.

வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டாம் மாதத்துத் திருவிழாவில், அந்தக் கோயில் வாசலில் புலிவரிசை ஆடுவார்கள். கம்பு, கத்தி எதுவும் கிடையாது. வெறுங்கையோடு ஒரே ஆள், அய்யா மலையிலிருந்து இறங்கி வருவதை அடிமேல் அடியாக நடத்திக் காட்ட வேண்டும். ஆடி முடிகிறவரை அந்த ஆளே அய்யா என்று கோயில் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் பின் தின் மாநிலத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சண்டை ஆசான் மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேர் இருந்தும் இந்த வரிசையை லுவா ஆடினால்தான் ஆட்டம் என்று பேர் வாங்கியிருந்தாள்.

லுவா அரிசி அப்பளம் போடுகிறவள். கருக்கலில் மாவு அரைத்து, துணி கட்டிய பானைமேல் ஊற்றி, ஆவியில் வெந்ததை மூங்கில் தட்டியில் ஒட்டி வெயிலுக்கு வைப்பாள். மழைத்தூறல் விழுந்தால் ஊரில் யாரும் அவளை ஓட்டத்தில் பிடிக்க முடியாது. அப்பன் ஆசான், ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு இவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

புலிவரிசை என்றால் இளவட்டங்களுக்கு நகம்தான் தெரியும். விரலை வளைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரன் மாதிரி உறுமுவார்கள். புலி என்றால் வீரம், கோபம், வெற்றி, பெரிய உத்தியோகம் என்று நினைப்பு. ஆனால் அந்த வரிசைக்கு ஒரு பாட்டு உண்டு. அடி மறந்து போகாமலிருக்கப் பழையவர்கள் கட்டி வைத்தது. அதன் முதல் வரியில் நகமும் இல்லை, பல்லும் இல்லை. 'உச்சியில் நின்ற அய்யா செவி சாய்த்தார், கேட்ட பின்பே கால் எடுத்தார்' என்றுதான் தொடங்கும். அதற்கு ஏற்றபடி முதல் நிலையில் ஒரு முழங்காலைத் தாழ்த்தி, ஒரு உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து அப்படியே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. வேடிக்கை பார்க்கிற பொடிசுகள், "தூங்கிட்டா டோய்" என்று சிரிக்கும். மற்ற ஆசான்கள் அந்த நிலையை ஒரு மூச்சில் முடித்துவிட்டுப் பாய்ச்சலுக்கு வந்துவிடுவார்கள். லுவா மட்டும் அதில் கஞ்சத்தனம் காட்ட மாட்டாள். பலம் இருக்கிறவன்தான் பொறுமையாகக் கேட்பான், பயந்தவனுக்குத்தான் அவசரம் என்பாள். அதுதான் அந்த வரிசையின் அர்த்தம் என்பது அவள் கட்சி. யார் காதில் ஏறியது?

அதற்குப் பிறகு இறக்கம். குதிகாலால் மண்ணை அடிப்பாள். இரண்டு அடி சட்டுச் சட்டென்று, மூன்றாவது நிதானமாக, ஓங்கி. தட், தட்... தொம். தினமும் விடிகிற நேரத்தில் அப்பள அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் வீட்டுக் கொல்லையில் ஒரு தடவை முழு வரிசையும் ஆடிவிடுவாள். பழக்கம் அப்படி. நாம் பல் விளக்குவது மாதிரி.

அவள் புருஷன் வின்னுக்கும் சண்டைக்கும் ஏழாம் பொருத்தம். கோழி அறுக்கச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள். ஊரான் வீட்டுக் கூரை வேய்வான், வேலி கட்டுவான், ஓயாமல் தமாஷ் பேசுவான். "மத்தவன்லாம் பொண்டாட்டியை அடிக்கலாமான்னு யோசிப்பான், எனக்கு அந்த யோசனைக்கே வேலை இல்லாம பண்ணிட்டாரு மாமனாரு" என்று சந்தையில் எல்லார் முன்னாலும் சொல்வான். விடியற்காலையில் அவள் காலடிச் சத்தத்தில் தூக்கம் கலைந்தால், படுத்தபடியே பலகைச் சுவரை அதே தாளத்தில் முட்டியால் தட்டுவான். தட், தட்... தொம். "மலையில இருக்கற அய்யாவே எந்திரிச்சிட்டாருடி, போதும்!" என்பான். அவளுக்கு அந்தத் தட்டு வராத நாள் ஆட்டம் நிறைந்தது போலிருக்காது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவர்களுக்குக் கொஞ்சல்.

அது எண்பதுகளில் ஊரெல்லாம் அகில் பைத்தியம் பிடித்த காலம். சோற்றில் பாதி மரவள்ளிக் கிழங்கு, சில வீட்டில் மரவள்ளியில்தான் கொஞ்சம் சோறு. மேற்கு மலையில் அகில் கட்டை எடுத்து ஒருவன் ஓட்டுவீடு கட்டிவிட்டான் என்று பேச்சு வந்ததும் ஆம்பிளைகள் எல்லாம் அரிவாளைத் தீட்டத் தொடங்கிவிட்டார்கள். வின்னும் கிளம்பினான். கியெம் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம். கியெம் காட்டில் பழுத்த ஆள், காட்டுச் சட்டம் எல்லாம் அவர் சொல்வதுதான். தோய் என்று ஒருவனும் சேர்ந்துகொண்டான். வின்னுக்குத் தம்பி முறை, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிகிறவன்.

காட்டுக்குப் போகிறவனுக்கு ஆயிரம் விலக்கு. அய்யா பெயரைச் சொல்லக் கூடாது. பொம்பளை கால் அங்கே படக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய விலக்கு, குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்பது. அய்யா அடித்துப் போட்டவன் அவருக்கு ஏவல் பேயாக மாறிவிடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரிந்தவன் குரலில், பெயர் சொல்லிக் கூப்பிடும். திரும்பிப் பார்த்தால், பதில் கொடுத்தால், கூட்டிக்கொண்டு போய் அய்யா முன்னால் நிறுத்திவிட்டுத் தான் விடுதலை வாங்கிக்கொள்ளும். பேய்க்குக் குரல் உண்டு, காலடி கிடையாது என்று பாலுக்கு அழுகிற குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் சொல்லி வைத்திருப்பார்கள்.

அவர்கள் மலையேறி இருக்கும்போதே திருவிழா வந்துவிட்டது. அந்த வருஷம் ஆடுவதாக இருந்தவன் கோயில் பெரியவர் லோக்கின் தங்கை மகன். அவனுக்கு மலைக்காய்ச்சல். பெரியவர் லுவா வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"ஏம்மா, வாசல் வெறுமனே கிடந்தா ஊருக்கு ஆகாது. நீ ஒரு ஆட்டம் ஆடிடு."

"அவரு காட்டுல இருக்காரு பெரியப்பா. இந்த நேரத்துல ஆடலாமா?"

"நான் சொல்றேன்ல? தோஷம் வந்தா என் தலைமேல."

ஆடினாள். ஊரே மூக்கின் மேல் விரல் வைத்தது. அந்த வாரக் கடைசியில் கியெம் கூட்டம் திரும்பி வந்தது, வின் இல்லாமல்.

கியெம் படியேறாமல் வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "லுவா, மனசைத் தேத்திக்க. அய்யா வின்னைக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாதம் பாத்தோம். ஓடைச் சேத்துல. தண்ணி எடுக்கப் போனவன் வரல. தேடிப் போனா அவன் பானை கெடக்கு, பக்கத்துல இந்தப் பெரிய பாதம்."

"ரத்தம் இருந்துச்சா?"

"அதெல்லாம் நின்னு பாக்கற எடமா அது?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாளே ஊர் பங்காளிச் சண்டை மாதிரி அவள்மேல் திரும்பியது. பெரியவர் லோக்தான் முதலில் ஆரம்பித்தார். "வீட்டு ஆம்பள காட்டுல இருக்கறப்போ கோயில் வாசல்ல நின்னு அய்யாவை இறங்கு இறங்குன்னு ஆடினா, அவரு இறங்காம என்ன செய்வாரு?" தோஷம் தன் தலைமேல் என்று சொன்ன வாய்தான் அது. தலையைத் துடைத்துக்கொண்டு இவள் தலையில் வைத்துவிட்டார். வின்னுக்கு வீட்டில் படையல் வைக்கக் கூடாது, பெயர் சொல்லி அழக் கூடாது என்றும் உத்தரவு. பெயர் சொன்னால் ஏவல் பேய் வழி கண்டுபிடித்து வந்துவிடுமாம். அப்பளம் வாங்க வருகிறவர்கள் தெருவை மாற்றிக்கொண்டார்கள். புருஷனைத் தின்றவள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள் என்பதுதான் கொடுமை. அழக்கூட அனுமதி இல்லாமல், காய்ந்த தட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த காலையில்தான் தோய் வந்தான். விடிந்தும் விடியாததுமாகக் குடித்திருந்தான். வந்தவன் அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

"அண்ணி, என்னால தூங்க முடியல. அது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

"எதுடா?"

"அண்ணன் கொரல்ல. பள்ளத்துக்குள்ள இருந்து. பொழுது சாயற நேரம். 'தோய்... தோய்...'னு. எனக்கு எந்திரிச்சு ஓடணும்போல இருந்துச்சு. கியெம் அண்ணன் வாயைப் பொத்திட்டாரு. ஏவல் பேய்டா, திரும்பாதேன்னாரு. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தோம். பின்னாலயே கேட்டுட்டே இருந்துச்சு அண்ணி."

லுவா தட்டியைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் நகர்ந்தாள். "பேரை மட்டும்தான் சொல்லிச்சா? வேற எதுவும் சொல்லலையா?"

தோய் யோசித்தான். "சொல்லிச்சு. 'கயிறு எடுத்துட்டு வாடா'ன்னு சொல்லிச்சு."

அவள் அவன் முகத்திலிருந்த கையை விலக்கினாள்.

"பேய்க்கு எதுக்குடா கயிறு?"

அவன் முகத்தில் போதை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தரையில் தலையை முட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். லுவா அழவில்லை. உயிரோடு இருக்கிறான். எங்கோ விழுந்து கிடக்கிறான். கூப்பிட்டிருக்கிறான். கூப்பிடக் கூப்பிட எல்லாரும் ஓடியிருக்கிறார்கள்.

அவள் கோயிலுக்கு ஓடினாள். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தினாள். ஆம்பிளைகள் கோயிலுக்கு வந்தார்கள், ஆனால் அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை.

"அது அவரேதான் கூப்பிட்டிருக்காரு. கயிறு கேட்டிருக்காரு. யாராவது என்கூட வாங்க. கியெம் அண்ணே, எடம் உங்களுக்குத்தானே தெரியும்?"

கியெம் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது அப்படித்தாம்மா ஏமாத்தும். என் அப்பன் காலத்துல ஒருத்தன் தண்ணி கேட்டுக் கூப்பிட்டான். கொடுக்கப் போனவன் வரல."

"போகாம இருந்தீங்களே, அதனால யாரு வந்தாங்க?"

பெரியவர் லோக் தடியைத் தட்டினார். "பேச்சு போதும். பொம்பள கால் காட்டுல பட்டா மிச்சம் இருக்கறவனுக்கும் ஆபத்து. ஊர் சம்மதிக்காது."

அப்போதுதான் அவளுக்கு அந்த வார்த்தை வந்தது. வீம்புக்குச் சொன்னதா, நம்பிச் சொன்னதா என்று அவளுக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை.

"பெரியப்பா, அன்னிக்கு இந்த வாசல்ல நின்னது நான் இல்ல, அய்யான்னு நீங்கதானே சொன்னீங்க? நான் ஆடினதாலதான் அவரு இறங்கினாருன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? சரி. அப்படியே இருக்கட்டும். ஏவல் பேய் யாருக்குக் கட்டுப்பட்டது? அய்யாவுக்குத்தானே? நான் முன்னால போறேன். பேயா இருந்தா என் காலடியில வந்து விழட்டும். மனுஷனா இருந்தா தூக்கிட்டு வரேன். என் பின்னால வர்றதுக்கு ஒரு ஆம்பள கூடவா இந்த ஊர்ல இல்ல?"

ஊர் வாயடைத்து நின்றது. ஆனாலும் ஒரு கால் நகரவில்லை. வாய் அடைபடுவது வேறு, கால் கிளம்புவது வேறு. கடைசியில் தோய் மட்டும் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றான். அவனும் தைரியத்தில் வரவில்லை. அங்கே நிற்பதற்கு வெட்கமாக இருந்ததால் வந்தான்.

ஏறுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. அட்டைக்கடி, முள், வழுக்குப் பாறை. அவள் நடக்கவில்லை, விழுந்து விழுந்து எழுந்தாள். பசித்தபோது அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டித் தின்றார்கள். 'கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க' என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தோய் பின்னால் திரும்பாமல், பக்கத்தில் பார்க்காமல், அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் காலை, கியெம் கூட்டம் விட்டு ஓடிய இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பானையில் எறும்பு மொய்த்த சோறு. கொடியில் வின்னின் சட்டை. அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள், தோளில் போட்டுக்கொண்டாள். கூப்பிடத் தொடங்கினாள்.

"வின்! ஏங்க... வின்! நான்தாங்க லுவா வந்திருக்கேன்! வின்!"

மலை அவள் குரலை அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. வேறு ஒன்றுமில்லை.

"நீயும் கூப்பிடுடா!"

தோய் வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. "முடியல அண்ணி. நாக்கு ஒட்டிக்கிச்சு." காட்டில் குரல் கொடுக்கக் கூடாது என்பது அவன் எலும்பில் ஊறியிருந்தது. அவள் அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அப்போதும் வரவில்லை.

பகல் முழுக்கக் கூப்பிட்டாள். பள்ளம் பள்ளமாக எட்டிப் பார்த்தாள். கூப்பிடுவாள், மூச்சைப் பிடித்துக் கேட்பாள், மறுபடி கூப்பிடுவாள். உச்சி வெயில் சாய்ந்து, தொண்டை கட்டி, கடைசியில் கோழி கேவுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். பதில் இல்லை. இருட்டிய பிறகு ஒரு பாறை இடுக்கில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். ஏமாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு மனுஷிக்குள் இருக்கிற எல்லாமே அணைந்துபோன நிலை அது. தான்தான் கொன்றோம், தான்தான் ஆடிக் கொன்றோம் என்பது அவள் மனதில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

கிழக்கு வெளுத்தது. லுவா எழுந்தாள். ஓடையோரம் தட்டையான ஒரு பாறை. எதற்காக என்று அவள் யோசிக்கவில்லை. தினமும் அந்த நேரத்தில் உடம்பு செய்வதை உடம்பு செய்தது. முழங்காலைத் தாழ்த்தினாள், உள்ளங்கையை ஊன்றினாள், தலையைச் சாய்த்தாள். தண்ணீர்ச் சத்தம், ஒரு பறவை. அவ்வளவுதான். பிறகு இறக்கம். குதிகாலால் பாறையை அடித்தாள். அழுகையையும் ஆத்திரத்தையும் சேர்த்து அடித்தாள். தட், தட்... தொம். தட், தட்... தொம்.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு கல்லில் படுகிற சத்தம்.

டக், டக்... டங்.

அவள் அந்தரத்தில் தூக்கிய காலோடு நின்றாள். மறுபடி வந்தது. பலகைச் சுவரை முட்டியால் தட்டுகிற அதே தாளம்.

ஓடைக்குக் கீழே, கொடி மூடிய ஒரு பிளவு. முந்தின நாள் அதன் தலைமாட்டிலேயே நின்று கத்தியிருந்தாள். தோய் கயிற்றைக் கட்டினான், அவள் இறங்கினாள். வின் பாறைக்கு நடுவே ஒரு கால் மாட்டி, முதுகைச் சாய்த்துக் கிடந்தான். கையில் அரிவாள். பாறையில் கசிகிற தண்ணீரை நக்கியே உயிரைப் பிடித்து வைத்திருக்கிறான். முகத்தில் கண்ணும் பல்லும்தான் இருந்தன. மாட்டிய கால் கறுத்து, நாற்றம் எடுத்துவிட்டிருந்தது.

"நீதானா?" என்றான். "கால் சத்தம் கேட்டுச்சு. அதனாலதான் தட்டினேன்."

"நான்தாங்க. நான்தான்."

"நேத்து முழுக்க ஒரு பேய் உன் கொரல்ல கூப்பிட்டுச்சுடி." அவனுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அழுதுட்டே கூப்பிட்டுச்சு. உன்னைய மாதிரியே. பொம்பள எப்படி இந்தக் காட்டுக்கு வருவா? பதில் சொல்லிடுவேனோன்னு பயந்துபோயி, காதுல எலையை அடைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

லுவா அந்தக் கறுத்த காலைப் பார்த்தாள். ஒரு பகல், ஒரு இரவு. அந்தக் கால் அழுகியது அந்த ஒரு பகலிலும் இரவிலும்தானோ?

அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். காதிலிருந்த இலைத் துணுக்கை விரலால் எடுத்தாள்.

"நல்ல வேளை," என்றாள். "நல்ல வேளை, நீங்க பதில் சொல்லல."

அவன் சிரித்தான். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட ஆளின் சிரிப்பு. அதைத்தான் அவளால் சாகும்வரை மறக்க முடியவில்லை.

நெம்பி நெம்பிக் காலை எடுத்தபோது அவன் மயங்கிவிட்டான். தோய் அவனை முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டான். இறங்குகிற வழியெல்லாம் தோய் பேசிக்கொண்டே வந்தான். காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, சத்தமாக. "அண்ணே, ஊருக்குப் போனதும் வேலி கட்டணும்ணே. போன வருஷம் கட்டினது சாஞ்சு போச்சுண்ணே. கேக்குதாண்ணே?" முதல் நாள் சில தடவை "உம்" என்று வந்தது. ஒரு தடவை வின், "கயிறு கொண்டு வர இவ்வளவு நேரமாடா?" என்றான். தோய் நடந்தபடியே அழுதான். இரண்டாம் நாள் நடுப்பகலில், ஆறு கண்ணுக்குத் தெரிகிற மேட்டில், பின்னால் வந்த லுவா வின்னின் கை தொங்குவதைப் பார்த்தாள். தொட்டாள். தோய் இன்னும் வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனை நிறுத்தவில்லை. கரை வரும்வரை பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியில் செத்தவனை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஊர் எல்லையில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே கிடத்தினார்கள். சுகாதார நிலையத்து ஆள் வந்து காலைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் முந்தி கொண்டு வந்திருந்தா காலை எடுத்துட்டு ஆளைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று போகிறபோக்கில் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் பாவம். உடம்பில் நகம் படவில்லை என்று தெரிந்ததும் ஊருக்கு மூச்சு வந்தது. ஏவல் பேய் பயம் போயிற்று. இனிப் பெயர் சொல்லி அழலாம் என்று பெரியவர் அனுமதி கொடுத்தார். ஊரே திரண்டு வந்து அழுதது. கியெம் ஒரு ஓரமாக வந்து ஊதுபத்தி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். லுவா அன்றைக்கும் அழவில்லை. அப்பளத் தட்டி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு, வெட்கம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற பெரியவர் லோக் மறுபடி அவள் வாசலுக்கு வந்தார். எல்லாரும் மாட்டேன் என்பாள் என்று நினைத்தார்கள். சரி என்றாள்.

கோயில் வாசல் நிறைந்திருந்தது. முரசு அடித்தது. லுவா வெள்ளைத் துக்கத்துணியைத் தலையில் கட்டியபடியே வந்து வந்தனம் செய்தாள். முழங்காலைத் தாழ்த்தி, உள்ளங்கையை ஊன்றி, செவி சாய்த்தாள். அப்படியே இருந்தாள். முரசுக்காரன் அடுத்த அடிக்குத் தாளம் மாற்றினான், அவள் அசையவில்லை. இன்னொரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பொடிசுகள்கூடச் சிரிக்கவில்லை. வெயில் ஏறியது. ஒரு கூட்டம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு, தலையை நிமிர்த்தாமலே, அந்த நிலையிலிருந்தே அவள் கூப்பிட்டாள்.

"தோய்..."

கூட்டத்தில் ஒரு பெண் விசும்பியது கேட்டது. தோய் பின் வரிசையில் நின்றிருந்தான்.

"தோய்..."

பக்கத்தில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். அவன் நிலத்தையே பார்த்தான். ஓடிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"தோய்... கயிறு எடுத்துட்டு வாடா..."

அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். தொண்டை கிழிகிற மாதிரி, மலைவரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"வந்துட்டேண்ணே! இதோ வந்துட்டேன்!"

லுவா அப்போதுதான் நெற்றியைத் தரையில் வைத்து அழுதாள். அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயிலில் அய்யா மலையிறங்கவே இல்லை. யாரும் அதற்குக் குறை சொல்லவுமில்லை.